உதவி தேவை: செஷல்ஸ் 9 இரவுப் பயணத் திட்டம் – பறவை, ஆமை, கடல் தேங்காய். எங்கே இடிக்கிறது?

தேன்சிட்டு (கேள்வி)

வணக்கம். நாங்கள் மூன்று பேர்: இரண்டு பெரியவர்கள், 13 வயது மகள். பள்ளி விடுமுறையை ஒட்டித்தான் போக முடியும். ஏப்ரல் 25 (சனி) முதல் மே 4 (திங்கள்) வரை, அல்லது டிசம்பர் கடைசி வாரம். கடற்கரை ஓட்டலில் படுத்துக்கிடக்க ஆசையில்லை. பார்க்க விரும்புவது இவை: கறுப்புக் கிளி, லா டீக் தீவின் ஈப்பிடிப்பான், கடற்பறவைக் கூட்டம், கடலாமை முட்டையிடுவது, ராட்சத நில ஆமை, கடல் தேங்காய்க் (இரட்டைத் தேங்காய் போன்ற பெரிய காய் காய்க்கும் பனை) காடு. கொஞ்சம் ஸ்நார்க்கலிங் (மூச்சுக்குழாயோடு நீந்திக் கடலடி பார்ப்பது).

ஏப்ரலுக்குப் போட்டு வைத்திருக்கும் வரைவு: 25, 26, 27 மாஹே, அதாவது தலைநகர் விக்டோரியாவும் விமான நிலையமும் உள்ள பெரிய தீவு (இதில் ஒரு நாள் அல்டாப்ரா பவளத்தீவு போய் வருவது). 28 முதல் மே 1 வரை பிராஸ்லின். மே 2 காலை கூசான் தீவு, மாலை லா டீக். அங்கே 2 இரவு. மே 4 காலை லா டீக்கிலிருந்து படகு பிடித்து மாஹே, அன்று மாலையே விமானம்.

இரண்டு படகுக்காரர்களிடம் கேட்டதில் ஒருவர் "அந்தத் தேதியில் கூசான் கிடையாது" என்கிறார். இன்னொருவர் அனுப்பிய விலை ஒரு ஆளுக்கு நம்ப முடியாத தொகை. எங்கே தவறு?

சுக்கான்

மூன்று இடங்களில் இடிக்கிறது.

முதலில் அல்டாப்ராவை அழித்துவிடுங்கள். மாஹேயிலிருந்து 1,100 கிலோமீட்டருக்கு மேல் தென்மேற்கே இருக்கிறது. சென்னை–மும்பை வான்தூரத்தை விட அதிகம். ஓட்டல் இல்லை, பயணிகள் விமானம் இல்லை. நிர்வகிக்கும் செஷல்ஸ் ஐலண்ட்ஸ் ஃபவுண்டேஷனின் அனுமதியோடு, பல நாள் ஓடும் கப்பலில் போனால்தான் உண்டு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ராட்சத ஆமைகள் அங்கே இருப்பது உண்மைதான். ஆனால் அதே இனம் பிராஸ்லினுக்குப் பக்கத்துக் கியூரியஸ் தீவிலும் கூசானிலும் காலடியில் நடமாடுகிறது. உங்கள் மகளுக்கு அது போதும்.

இரண்டாவது கூசான். வெளியார் இறங்க அங்கே திங்கள் முதல் வெள்ளி வரைதான் அனுமதி, அதுவும் காலை வேளையில் மட்டும். மே 2 சனிக்கிழமை, ஆகவே முதல் படகுக்காரர் சொன்னது சரி. இரண்டாமவரின் விலைக்குக் காரணம் அநேகமாகப் பெயர்க் குழப்பம். கூசானுக்குப் பக்கத்திலேயே கூசீன் என்று இன்னொரு தீவு உண்டு, அது தனியார் சொகுசுத் தீவு. ரோமன் எழுத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். "இயற்கைக் காப்பகம், நேச்சர் செஷல்ஸ் நடத்துவது" என்று சேர்த்துக் கேளுங்கள்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. விமான நாளன்று இரண்டு படகு மாறி வருவதை நம்பவே கூடாது. கடல் கொந்தளித்தால் படகு தாமதமாகும், சில நாள் ஓடவே ஓடாது. வெளித்தீவுகளை முதலில் முடித்துவிட்டு மாஹேயைக் கடைசியில் வையுங்கள். அப்போது ஒரு நாள் சிக்கிக்கொண்டாலும் மாஹேயில் ஓர் இரவுதான் குறையும், விமானம் தவறாது.

மழைக்காடு

தேதி பற்றி. அங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது காற்று. மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று: மழை குறைவு, கடல் முரடு. டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்குக் காற்று: மழை அதிகம், அதிலும் ஜனவரி உச்சம். இடையில் ஏப்ரல், பிறகு அக்டோபர் கடைசி–நவம்பர் ஆகியவை காற்று மாறும் காலம். கடல் அடங்கி, தண்ணீர் தெளிந்திருக்கும்.

உங்கள் பட்டியலில் தேதிக்குக் கட்டுப்பட்டது ஒன்றுதான், ஆமை முட்டையிடுவது. உலகின் பல இடங்களில் அழுங்காமை என்ற கடலாமை இரவில்தான் கரையேறும். செஷல்ஸில் பட்டப்பகலில் ஏறும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, உச்சம் நவம்பர்–ஜனவரி. ஏப்ரல் கடைசியில் அது கிடைக்காது. கிளி, ஈப்பிடிப்பான், நில ஆமை, வெள்ளை ஆலா, வெண்வால் டிராபிக் பறவை எல்லாம் ஆண்டு முழுக்க உண்டு. நாடி ஆலாக்கள் (கருநிறக் கடற்பறவைகள்) கூசானில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுவது தென்கிழக்குக் காற்றுக் காலத்தில். மே தொடக்கத்தில் முழுக் கூட்டத்தையும் எதிர்பார்க்க முடியாது.

என் ஓட்டு ஏப்ரலுக்கு. தேதியைத் தள்ள முடிந்தால் முன்னே தள்ளுங்கள், பின்னே வேண்டாம். மே நகர நகரக் காற்று ஏறும்.

இரட்டைத்தேங்காய்

மழைக்காடு சொல்வதில் பாதிதான் ஏற்பு. ஆமைதான் முதல் ஆசை என்றால் டிசம்பர்தான். மழை நாள் முழுக்கப் பெய்துகொண்டே இருக்காது. கொட்டிவிட்டு வெளுக்கும் நாட்களும் நிறைய. ஆனால் டிசம்பர் 25, ஜனவரி 1, 2 மூன்றும் அங்கே அரசு விடுமுறை. வார இறுதியையும் கழித்தால் கூசானுக்கு மிஞ்சுவது சில காலைகள்தான். தங்குமிட விலையும் உச்சத்தில் இருக்கும். ஆமை ஏறும்போது பின்பக்கமாகத் தள்ளி நிற்க வேண்டும். குழி தோண்டும்போது நெருங்கினால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். காவலர் கைகாட்டிய பிறகு போனால் போதும்.

தேன்சிட்டு

மகளிடம் கேட்டேன், கிளிக்குத்தான் முதலிடமாம். ஏப்ரல் முடிவு. அல்டாப்ரா அழித்தாயிற்று. அப்படியானால் எந்த நாள் எங்கே? கடல் ஒத்துவராத ஆள் ஒருவர் எங்களில் உண்டு.

சுக்கான்

25 சனி காலை இறங்குகிறீர்கள் என்றால் மாஹேயில் தங்காமல் நேரே பிராஸ்லின் போங்கள். விமான நிலையத்திலிருந்து விக்டோரியா படகுத்துறை சுமார் 10 கிலோமீட்டர். பேருந்தில் பெரிய பெட்டி ஏற்ற மாட்டார்கள், டாக்ஸிதான். விரைவுப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். உங்கள் விமானம் தாமதமானால் படகு காத்திருக்காது. ஆகவே அன்றைய கடைசிப் படகை மட்டும் நம்பாமல், அதற்கு முந்தையதற்குச் சீட்டு எடுத்தால் ஒரு வாய்ப்பு கையில் இருக்கும். கடல் ஒத்துவராதவருக்கு உள்நாட்டு விமானம் உண்டு, கால் மணி நேரப் பறப்பு. படகில்தான் என்றால் கீழ்த்தளம், பின்பக்க இருக்கை. குமட்டல் மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும்.

25 முதல் 28 வரை பிராஸ்லினில் 4 இரவு. கூசானுக்குத் திங்கள் 27-ஐப் பதிவு செய்யுங்கள். அலை காரணமாக ரத்தானால் செவ்வாய் 28 மாற்று நாள். அந்தச் செவ்வாயை வேறு எதற்கும் விற்றுவிடாதீர்கள். 29 புதன் லா டீக், படகில் 15 நிமிடம், 2 இரவு. மே 1 வெள்ளி மாஹே, 3 இரவு. மே 1 அங்கேயும் தொழிலாளர் தினம். படகு நேரமும் கடை நேரமும் மாறலாம் என்பதால் சீட்டை முன்பே எடுத்துவிடுங்கள்.

கூசான் பயணத்தைப் பெரும்பாலும் கியூரியஸ், செயின்ட் பியர் பாறைத்தீவு இரண்டோடும் சேர்த்து ஒரு முழுநாளாக விற்பார்கள். தீவு நுழைவுக் கட்டணங்கள் விலையில் அடக்கமா, தனியா என்று எழுத்தில் வாங்குங்கள். பல சண்டைகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

மழைக்காடு

கூசானில் இறங்குவது பற்றி ஒரு விளக்கம். அங்கே படகுத்துறை கிடையாது. உங்கள் படகு கடலிலேயே நிற்கும். தீவுக்காரர்களின் சொந்தப் படகு வந்து ஏற்றிக்கொண்டு, வேகமெடுத்து நேரே மணலில் ஏறும். வெளிப்படகுகளில் எலி ஒளிந்து வந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. தரையிலும் தாழ்ந்த கிளையிலும் கூடு வைக்கும் பறவைகளுக்கு ஒரு சினை எலி போதும், எல்லாம் முடிந்துவிடும். எனவே முந்தின இரவே பையைக் காலிசெய்து உதறுங்கள், செருப்பு அடியில் ஒட்டிய விதைகளைத் தேய்த்துக் கழுவுங்கள்.

முழங்கால் வரை நனையலாம். கேமராவை 20 லிட்டர் நீர்புகாப் பையில் சுருட்டி மூடி வையுங்கள். கொசு மிக அதிகம். முழுக்கை, முழுக்கால் சட்டை, கொசு களிம்பு மூன்றும் வேண்டும். மலேரியா இல்லை, ஆனால் டெங்கு இருக்கிறது.

அந்தத் தீவு முன்பு தென்னந்தோப்பு. செஷல்ஸ் கதிர்க்குருவி 1960களில் உலகிலேயே அங்கு மட்டும், 30-க்கும் குறைவாக மிஞ்சியிருந்தது. 1968-இல் பறவைப் பாதுகாப்பு அமைப்பினர் தீவையே விலைக்கு வாங்கித் தென்னையைக் குறைத்துக் காட்டை வளரவிட்டார்கள். இப்போது அந்தக் குருவி வேறு தீவுகளுக்கும் கொண்டுபோகப்பட்டிருக்கிறது. நம் ஊர் குண்டுகரிச்சானின் செஷல்ஸ் உறவும் அங்கே காலடியில் கொத்திக்கொண்டு திரியும். வெள்ளை ஆலா கூடு கட்டாது. வெறும் கிளையில் ஒற்றை முட்டையை வைக்கும், கிளையை உலுக்கினால் போயிற்று. பாதையை விட்டு இறங்காதீர்கள்.

இரட்டைத்தேங்காய்

கடல் தேங்காய்க்கு: பிராஸ்லின், கியூரியஸ் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வளரவில்லை. நம் சாமியார்கள் கையில் திருவோடாகப் புழங்கியதும் இந்த ஓடுதான். மரத்தைக் காணாமலே, கடலில் மிதந்து வந்த ஓட்டை மட்டும் கண்ட காலம் அது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய் முற்ற 6–7 ஆண்டுகள்.

பிராஸ்லினில் அது வளரும் வாலே த மே காடு 19.5 ஹெக்டேர்தான், 1983 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பேருந்து வாசலிலேயே நிற்கும். திறந்தவுடன் நுழைந்துவிடுங்கள், பகல் 11-க்குக் கூட்டம். கறுப்புக் கிளிக்காகக் காட்டின் நடுவே அலைவது வீண். அடர்ந்த பனையோலைக்குக் கீழே வானமே தெரியாது, விசில் சத்தம் மட்டும் கேட்கும். காலையிலும் மாலை சாயும்போதும் நுழைவாயில், வண்டி நிறுத்தம், சாலையோரப் பழமரங்களைப் பாருங்கள். பெயர்தான் கறுப்பு, நிறம் சாம்பல் கலந்த பழுப்பு. காக்கை நிறத்தில் தேடினால் கண்ணில் படாது.

ஓட்டை வாங்குவதானால் எண் பொறித்த ஒட்டுவில்லையும் சான்றிதழும் உள்ளதை மட்டும் வாங்குங்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே பறிமுதல். உள்ளே பருப்பு இருக்கும் காய் வேண்டாம், வெறும் ஓடு போதும்.

கல்லணை

லா டீக்: ஈப்பிடிப்பானைப் பார்க்க 30-ஆம் தேதி காலை 7 மணிக்கே கிளம்புங்கள். துறையிலிருந்து வெவ் காப்பகம் சைக்கிளில் சில நிமிடம். நம் அரசவால் ஈப்பிடிப்பானுக்கு உறவு. ஆண் முழுக்கக் கறுப்பு, நீண்ட வால். வெவ் என்றால் அங்கே விதவை என்று பொருள், அந்தக் கறுப்பு வாலுக்காக வைத்த பெயர். பெண் செம்பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, கறுப்புத் தலை. வாதாம் மரத்தடி நிழலில் தாழப் பறக்கும், தலைக்கு மேலே மட்டும் தேடாதீர்கள்.

அதே தீவின் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரை படத்தில் அழகு. இழுப்பு நீரோட்டம் உண்டு, தென்கிழக்குக் காற்று ஏறினால் மோசம். மகளை அங்கே இறக்க வேண்டாம்.

ஸ்நார்க்கலிங்கில் மாலத்தீவு மாதிரிப் பவளம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். 1998-இல் கடல் சூடேறி உள்தீவுகளின் பவளம் பெரும்பகுதி வெளுத்துச் செத்தது, 2016-இல் மீண்டும் அடி. மீனும் கடலாமையும் நன்றாகவே தெரியும்.

மாஹேயில் ஒரு காலைக்குக் கோப்போலியா மலைப்பாதை. மேலே கருங்கல் பாறையில் குடுவைச் செடி படர்ந்திருக்கும், பூச்சி தின்னும் செடி. மழைக்குப் பின் வேர்களும் பாறையும் வழுக்கும், பிடிமானமுள்ள ஷூ வேண்டும்.

தேன்சிட்டு

மிக்க நன்றி. இன்னொரு சிக்கல். நுழைவுக்கான இணையப் பயண அனுமதி விண்ணப்பத்தில் தங்குமிடம் கேட்கிறது. கடைசி 3 இரவை இன்னும் பதிவு செய்யவில்லை. "நண்பர் வீடு" என்று போட்டுவிடலாமா? என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் வேறு காலி. சைவம் கிடைக்குமா?

சுக்கான்

போடாதீர்கள். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை, ஆனால் 9 இரவுக்கும் தங்குமிடச் சான்று, திரும்பும் சீட்டு இரண்டும் கேட்பார்கள். கூடாரம் அடித்துத் தங்க அந்த நாட்டில் அனுமதியே கிடையாது. காலி இரவு இருந்தால் கேள்வி வரும். கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பதிந்துவிட்டு விண்ணப்பியுங்கள். அரசுத் தளத்தில் மட்டும் செய்யுங்கள், அதே முகப்போடு இடைத்தரகர் தளங்கள் கூடுதல் பணம் பிடுங்கும்.

பெயரில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: விண்ணப்பமும் விமானச் சீட்டும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். அப்பா பெயரை நீங்களாக ஒன்றில் மட்டும் சேர்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஒற்றைப் பெயரை எப்படிப் பதிவது என்று சீட்டு எடுக்கும் முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டு, அதே வடிவத்தை எல்லாவற்றிலும் போடுங்கள். நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் போகும் சீட்டு மலிவாக வந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விதியையும் பாருங்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும்.

கல்லணை

சைவத்துக்குச் சமையலறையுள்ள விருந்தினர் இல்லமாக எடுங்கள். அரிசி, பருப்பு எல்லாத் தீவிலும் கிடைக்கும். பலாவைப் போன்ற பிரெட்ஃப்ரூட் அங்கே அன்றாட உணவு. விக்டோரியாவில் தமிழர் கடைகள் உண்டு, நவசக்தி விநாயகர் கோயிலும் ஊர் நடுவில்தான். நீங்கள் மாஹே வருவது கடைசியில் என்பதால், சாம்பார் பொடி மாதிரி அரைத்த, பாக்கெட்டில் அடைத்த பொருளை மட்டும் ஊரிலிருந்து எடுத்துப் போங்கள். விதை, பழம், கறிவேப்பிலை சுங்கத்தில் பிடிபடும்.

மின்செருகி சதுர மூன்று முனை, பிரிட்டன் வகை. தங்குமிடத்தில் சுற்றுச்சூழல் வரி தனியாக வாங்குவார்கள். 2023 ஆகஸ்ட் முதல் அமலில் உள்ளது. விடுதியின் அளவைப் பொறுத்து ஆளுக்கு ஓர் இரவுக்கு 25 முதல் 100 செஷல்ஸ் ரூபாய் வரை. பதிவுத் தொகையில் அது சேராமல் இருக்கலாம்.

மழைக்காடு

கேமரா வைத்திருந்தால்: கூசானில் 70–200 மி.மீ. லென்ஸே அதிகம், பறவைகள் அவ்வளவு பக்கம். கிளிக்கு 400 மி.மீ. வேண்டும். ஏசி அறையிலிருந்து நேரே காட்டுக்குள் எடுத்துப் போனால் லென்ஸ் அரை மணிக்கு மேல் புகைமூட்டமாக நிற்கும், கிளி அதற்குள் போய்விடும். இரவே கேமராவை ஏசி இல்லாத குளியலறைப் பக்கம் பையோடு வைத்துவிடுங்கள்.