மறுமொழி: ‘மேஜிக்’ – மாந்திரீகம் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

நம் ஐரோப்பிய மத வரலாற்று நூலில் ‘மேஜிக்’ என்பதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற விவாதத்தில், நான் முன்வைத்த ‘மறைவினை’க்கு வந்த மறுப்புகளுக்கு என் பதில் இது.

> ‘மாந்திரீகம்’ என்று ஊரறிந்த சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு ஒன்று?

நியாயமான கேள்விதான், ஐயா. செய்தித்தாளுக்கு அது போதும். ஐரோப்பிய மத வரலாற்று நூலுக்குத்தான் போதாது. அந்த வரலாற்றில் ‘மேஜிக்’ என்பது பெரும்பாலும் அடுத்தவன் செய்வதற்கு வைத்த பெயர். கிரேக்கர்கள் ‘மாகோஸ்’ என்று முதலில் குறித்தது பாரசீகப் பூசாரியை. தன் நாட்டில் அவர் செய்தது வழிபாடு. ஏதென்ஸுக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் பெயரே வசவாகிவிட்டது.

ரோமில் இது வழக்குமன்றம் வரை போனது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பன்னிரண்டு பலகைச் சட்டம், மந்திரம் ஓதி அயலான் விளைச்சலைக் கவர்வதைக் குற்றமாக்கியது. அதன்பின் நடந்த ஒரு வழக்கை ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்கிறார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கிரெசிமஸ் என்பவருக்குச் சிறிய நிலம். ஆனால் பக்கத்துப் பெரும்பண்ணைகளைவிட நல்ல மகசூல். சூனியம் வைத்துவிட்டான் என்று பிராது கொடுத்தார்கள். விசாரணைக்கு அவர் திடமான வேலையாட்களையும், நன்கு வடித்த இரும்புக் கருவிகளையும், கனத்த மண்வெட்டிகளையும், கொழுத்த எருதுகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். என் சூனியம் இவைதாம், கண்விழித்த இரவுகளையும் வியர்வையையும்தான் இங்கே கொண்டுவர முடியவில்லை என்றார். ஒருமனதாக விடுதலை. இந்த இடத்தில் ‘சூனியம்’ என்றே எழுதலாம், பிராது கொடுத்தவர்களின் சொல் என்பதால்.

சிக்கல் இங்கிலாந்தின் பாத் நகரில் வருகிறது. அங்குள்ள சுலிஸ் மினர்வா என்னும் பெண் தெய்வத்தின் வெந்நீர் ஊற்றிலிருந்து ரோமானியர் காலத்து ஈயத் தகடுகள் சுமார் 130 கிடைத்தன. பெரும்பாலும் களவு கொடுத்தவர்களின் முறையீடு. கையுறை இரண்டைப் பறிகொடுத்த ஒருவர், திருடியவனுக்குப் புத்தியும் கண்ணும் போகட்டும் என்று அம்மனிடம் கேட்கிறார். ஆய்வாளர்களில் பலர் இவற்றைச் சாபத் தகடு என்கிறார்கள். சிலர் நீதி கேட்கும் வேண்டுதல் என்கிறார்கள். நம் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் பொருளைப் பறிகொடுத்தவர்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவதை யாரும் மாந்திரீகம் என்பதில்லையே. அந்தச் சொல்லைப் பாத் நகரத்தார் மேல் மட்டும் எப்படிச் சுமத்துவது?

இன்னொரு தடை, மந்திரமே இல்லாத வகை. 13ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸ் ஆயர் கில்லோம், பேய்களின் துணை இல்லாமல் பொருள்களின் மறைந்த ஆற்றலால் நடப்பதை ‘இயற்கை மேஜிக்’ என்று தனி வகையாகப் பிரித்தார். அந்த வகையைப் பற்றி நேப்பிள்ஸின் அறிஞர் தெல்லா போர்த்தா 1558இல் வெளியிட்டு, 1589இல் இருபது பாகங்களாக விரித்த நூலில் காந்தமும் கண்ணாடி வில்லைகளும் சமையலும்கூட வருகின்றன. இதை ‘இயற்கை மாந்திரீகம்’ என்று எழுதினால் வாசகர் சிரிப்பார்.

> அப்படியானால் ‘மாயவித்தை’?

‘மாயம்’ என்றாலே பொய் என்ற தீர்ப்பு உள்ளே வந்துவிடுகிறது. அந்தத் தீர்ப்புக்குத் தேதி உண்டு. 1563, 1604 ஆகிய ஆண்டுகளின் ஆங்கிலச் சட்டங்கள் சூனியத்தை மெய்யென்று நம்பித் தூக்கில் போட்டன. 1735ஆம் ஆண்டுச் சட்டமோ, அப்படியோர் ஆற்றல் தனக்கு இருப்பதாகப் பாசாங்கு செய்வதையே குற்றமாக்கியது. ‘மாயவித்தை’ அந்த அத்தியாயத்திலிருந்து நுழையட்டும். மேடைக் கலைக்கு இருக்கவே இருக்கிறது ‘கண்கட்டு வித்தை’.

என் பரிந்துரை ‘மறைவினை’. ஒளித்துச் செய்வது, மறைந்த ஆற்றலைக் கொண்டு செய்வது இரண்டையும் அது தாங்கும். ‘இயற்கை மறைவினை’ காதுக்கு இடறவில்லை.

> ‘மறை’ என்றால் வேதம். எங்கள் திருச்சபையில் மறைமாவட்டம், மறையுரை, மறைக்கல்வி எல்லாம் உண்டு. எங்கள் பூசையைச் சொல்வதாகவே படிப்பார்கள்.

படிக்கட்டும் அம்மா, அந்த உரசல் எனக்குத் தேவையாகவே இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டுப் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தக்காரர்கள், அப்பத்தின் மேல் குருவானவர் சொல்லும் வசனத்தைத்தானே மந்திரவாதம் என்று பழித்தார்கள்? தொல்காப்பியமும் மந்திரத்தை ‘மறைமொழி’ என்றே வரையறுக்கிறது. வேதமும் இரகசியமும் ஒரே சொல்லில் குடியிருப்பது தமிழின் வசதி.

இதோடு இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. இயாம்பிளிக்கஸ் போன்ற பண்டைய மெய்யியலாளர்கள், தாங்கள் செய்வது கீழான சூனியம் இல்லை, ‘தியூர்கியா’ என்று வாதாடினார்கள். சொல்லுக்குச் சொல் ‘தெய்வ வேலை’. ‘இறைவினை’ என்றால் ‘மறைவினை’க்கு எதிரே அழகாக நிற்கும். கேடு செய்வதற்கு ‘செய்வினை’ ஏற்கெனவே இருக்கிறது. இலக்கண ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

செய்பவரை ‘மறைவினைஞர்’ என்றால் தொழில்முறைப் பட்டம்போல் ஒலிக்கிறது. கிரெசிமஸ் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். ‘மறைவினையாளர்’ என்று கலைச்சொல் அட்டவணையில் ஏற்றிவிடலாமா? மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள்.