காலநிலைக் குழுவில் சேர்ந்த கதை: எல்லைப்பக்கத்துக்காரர்கள் சொல்லுங்கள்

ஆரம்பாக்கத்திலிருந்து:

காலநிலைக்காக வேலை செய்கிற குழு ஏதாவது ஒன்றில் சேர வேண்டும் என்று தேடி, அலைந்து, கடைசியில் சேர்ந்தவர்கள் இங்கே இருந்தால் எப்படிச் சேர்ந்தீர்கள் என்று எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

எனக்கு வீடு ஆரம்பாக்கம், வேலை ஸ்ரீசிட்டியில். தினமும் ஆந்திராவுக்குப் போய்த் தமிழ்நாட்டுக்குத் திரும்புகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் தண்ணீர் நின்ற நாட்களில்தான், இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்று தோன்றியது. கரண்ட் வந்ததும் போனை எடுத்துத் தேடினேன். 2018 ஆகஸ்டில் சுவீடன் பள்ளி மாணவி கிரெட்டா துன்பர்க் ஸ்டாக்ஹோம் நாடாளுமன்றத்துக்கு முன்னால் அட்டையோடு உட்கார்ந்ததிலிருந்து வளர்ந்த ஃப்ரைடேஸ் ஃபார் ஃபியூச்சர் என்கிற மாணவர் இயக்கம் பற்றி ஏற்கெனவே தெரியும். அதே வருஷம் அக்டோபர் 31 அன்று லண்டனில் தொடங்கிய எக்ஸ்டிங்ஷன் ரெபெல்லியன் என்கிற காலநிலை இயக்கம் பற்றியும் படித்தேன். ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பிவிட்டு ஒரு மாதம் காத்திருந்தேன். பதில் இல்லை. வேறொரு இடத்துக்கு எழுதினேன், அங்கேயும் இல்லை. நம்மைப் போன்ற ஊர்க்காரர்களை இவர்களுக்கு வேண்டாம் போல என்று மனசு விட்டுப் போனது.

அப்புறம்தான் புரிந்தது, பதில் சொல்ல அங்கே ஆபீஸ் என்று ஒன்று கிடையாது. எக்ஸ்டிங்ஷன் ரெபெல்லியனை எடுத்துக்கொண்டால், அவர்கள் வகுத்த பத்துக் கொள்கைகளை ஏற்றுக்கொள்கிற யாரும் அந்தப் பெயரில் செயல்படலாம், யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அங்கே வேலை நடப்பதெல்லாம் ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சின்னக் குழுக்களில். உறுப்பினர் அட்டை கிடையாது, மாவட்டச் செயலாளர் கிடையாது. கட்சிகளையும் சங்கங்களையும் பார்த்தே வளர்ந்த நமக்கு இது பிடிபட நாளாகிறது. "சேர்த்துக்கொள்வார்களா" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அங்கே சேர்த்துக்கொள்வதற்கென்று ஆளே இல்லை. எங்கே வேலை நடக்கிறது என்று கண்டுபிடித்து நாமே போய் நிற்க வேண்டும்.

எனக்கு அப்படிக் கிடைத்தது சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சூலூர்பேட்டையிலிருந்து வருகிற ரயிலைப் பிடித்துப் போனேன். பெசன்ட் நகர் கடற்கரை மணலில் இருபது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்களுக்குப் பிடித்திருந்தால் கைதட்டவில்லை, இரண்டு கையையும் தூக்கி விரல்களை ஆட்டினார்கள். ஆட்சேபம் இருந்தால் அதற்கு வேறொரு சைகை. ஓட்டெடுப்பு இல்லை, ஒருவருக்காவது பலமான ஆட்சேபம் இருந்தால் பேச்சு தொடர்ந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்தது. ஆனால் இரண்டு மணி நேரமும் இங்கிலீஷ்தான். பக்கத்தில் இருந்த பெண் அவ்வப்போது என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார், அவர் மட்டும் இல்லையென்றால் நான் அடுத்த ரயிலில் திரும்பியிருப்பேன், மறுபடி போயிருக்கவும் மாட்டேன்.

மொழி விஷயம் சின்ன விஷயம் இல்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு திட்டத்துக்கு அனுமதி கொடுக்கும் முன் அதனால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று பார்க்கிற சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளுக்கு, 2020இல் மத்திய அரசு புது வரைவு கொண்டுவந்தபோது அது இங்கிலீஷிலும் இந்தியிலும்தான் இருந்தது. ஜூன் 30 அன்று டில்லி உயர் நீதிமன்றம்தான் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் எல்லாவற்றிலும் மொழிபெயர்க்கச் சொல்லி, கருத்துச் சொல்லும் கெடுவையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. நீதிமன்றம் வரை போய்க் கேட்க வேண்டியிருந்த உரிமை அது. அதை நம் குழுக்களே நமக்குக் கொடுக்கவில்லை என்றால் எப்படி?

கூட்டம் முடிகிற நேரத்தில் ஒருவர் "நீங்க என்ன செய்வீங்க" என்று கேட்டார். எனக்குத் தெலுங்கு எழுதப் படிக்கத் தெரியும் என்றேன். வட்டத்தில் பத்துப் பேராவது நிமிர்ந்து பார்த்தார்கள். பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, இவர்கள் அச்சடித்த துண்டறிக்கை எல்லாம் தமிழில் இருந்தது, ஏரிக்கு அந்தப் பக்கம் அது போய்ச் சேரவே இல்லை. அன்றைக்கே எனக்கு வேலை வந்துவிட்டது. நான் சேர்ந்தது அந்த நிமிஷம்தான்.

அடுத்த மாதம் பழவேற்காட்டுக்குப் போனோம். பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற காட்டுப்பள்ளி துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல், கடலையும் தூர்த்து விரிவாக்கும் திட்டம் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும், 2021 ஜனவரியில் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்துத் தள்ளிவைத்தார்கள், 2023 செப்டம்பரிலும் அப்படித்தான். ஏரியில் ஒரு இருளர் ஆயா இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருந்தார். பனையோலைப் பறியின், அதாவது மீன் போடுகிற கூடையின், விளிம்பைப் பல்லில் கடித்துப் பிடித்திருந்தார், இரண்டு கையும் சேற்றுக்குள். இறால் கையில் பட்டதும் தலையைத் தூக்காமலே பறிக்குள் போட்டார். வாயில் பறி இருந்ததால் நாங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் வரவில்லை. கரைக்கு வந்து பறியை இறக்கி வைத்துவிட்டு அவர் சொன்ன முதல் பேச்சு: "போட்டோ புடிச்சிட்டுப் போறவங்க எத்தினியோ பேரு வந்துட்டாங்க. திரும்பி யாரும் வர்ல."

அதனால் மறு மாதமும் போனோம். அதற்கடுத்த மாதமும். இப்போது அந்த ஆயா என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்.

இன்னொன்றும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். பழவேற்காட்டு மீனவர்களிடம் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதை ஊர்ப் பஞ்சாயத்தே முறை வைத்துத் தீர்மானிக்கிறது. மேலே ஒரு அதிகாரியும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. தலைமை இல்லாத அமைப்பு எப்படி இயங்கும் என்று லண்டனைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. ஆனால் பாடு முறைக்குள் எல்லோரும் இல்லை, கையால் தடவுகிற அந்த ஆயாவுக்கு அதில் பங்கு கிடையாது. மேலே ஆள் இல்லை என்பதாலேயே எல்லோருக்கும் சொல் இருக்கிறது என்று ஆகிவிடாது. எந்தக் குழுவுக்குப் போனாலும் இதை நான் இப்போது பார்க்கிறேன்: யார் பேசுகிறார்கள், யார் டீ வாங்கி வருகிறார்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

அக்கா, நீங்கள் எழுதியது எங்கள் பக்கத்துக்கு அப்படியே பொருந்துகிறது. நாங்கள் கேரளாவில் இருக்கிற தமிழ்க்காரர்கள், பாலக்காட்டுக் கிழக்குப் பக்கம். பிளாச்சிமடை எங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. 2002 ஏப்ரலில் அங்கே குளிர்பான ஆலைக்கு எதிராகப் பந்தல் போட்டபோது நான் பிறக்கவே இல்லை, ஆனால் கிணற்றுத் தண்ணீரில் சோறு வெந்தால் நிறம் மாறியது என்று எங்கள் அம்மாச்சி சொல்லிக் கேட்டே வளர்ந்தேன். 2004இல் ஆலை நின்றது. மயிலம்மா என்கிற ஆதிவாசி அம்மாதான் அதன் முகம்.

அந்தப் போராட்டத்தில் இரண்டு சமிதி இருந்தது. ஊர்க்காரர்களுடையது சமர சமிதி, அதாவது போராட்டக் குழு. வெளியூரிலிருந்து ஆதரவு தர வந்தவர்களுக்கு ஐக்யதார்ட்ய சமிதி என்று தனியாக. காலேஜில் ஒரு காலநிலைக் குழுவில் நான் சேர்ந்தபோது இந்தப் பிரிவு எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தது, ஏனென்றால் எங்கள் குழுவில் அது இல்லை. முதலமடைப் பக்கம் ஒரு குவாரிப் பிரச்சனைக்கு நாங்கள் பதினைந்து பேர் போய், மைக் பிடித்து, ஊர்க்காரர்களைக் கேட்காமலே ஒரு கோரிக்கையை எழுதி, பத்திரிகைக்கும் கொடுத்துவிட்டோம். அந்தக் குவாரியில் கல்லுடைக்கிற குடும்பங்களும் அதே ஊர்தான். மறுநாள் அவர்கள் எங்களோடு பேசவில்லை. ஆறு மாதம் ஆனது அந்த ஊரில் யாராவது எங்களை உட்காரச் சொல்ல. எனக்கு இன்றும் அது வலிக்கிறது. இப்போது நாங்கள் ஊர்க்கூட்டத்தில் பின்வரிசையில்தான் உட்காருகிறோம், கேட்டால் மட்டும் பேசுகிறோம், மனு எழுதித் தருகிறோம், மலையாளத்தில் வந்த நோட்டீஸைத் தமிழில் வாசித்துக் காட்டுகிறோம்.

நீரோடியிலிருந்து:

நான் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓகி புயல் வந்தது 2017 நவம்பர் கடைசியில். எங்கள் தூத்தூர் பக்கத்துக் கிராமங்களில் கடலில் ஆளைப் பறிகொடுக்காத தெரு இல்லை. அதற்குப் பிறகு காலநிலை என்ற வார்த்தையை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு குழுவில் இருக்கிறேன், பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். 2022இல் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு எதிரான போராட்டம் நடந்த மாதங்களில் அவர்களோடு பழக்கமானது. நான் சொல்ல வந்தது பாதுகாப்பு பற்றி. யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் குழு தொடங்கலாம் என்றால் யார் வேண்டுமானாலும் போலிக் குழுவும் தொடங்கலாம். ஒரு வாட்சாப் லிங்க் வந்தது, சேர்ந்தேன், இரண்டாவது நாளே ஆதார் போட்டோவும் "பயணச் செலவுக்கு" ஐந்நூறு ரூபாயும் கேட்டார்கள். வெளியே வந்துவிட்டேன். நேரில் ஒருவரையாவது பார்க்காமல், அவரை அறிந்த இன்னொருவரிடம் விசாரிக்காமல் எந்தக் குழுவிலும் சேராதீர்கள். காசு கையாளுகிறார்கள் என்றால் கணக்கை எல்லோரும் பார்க்க முடிகிறதா என்று கேளுங்கள், கோபப்பட்டால் அது உங்களுக்கான இடம் இல்லை.

அப்புறம் போலீஸ் விஷயம். 2020 ஜூலையில், ஆரம்பாக்கம் தங்கச்சி சொன்ன அதே வரைவை எதிர்த்து மின்னஞ்சல் அனுப்பச் சொன்னதற்காக ஃப்ரைடேஸ் ஃபார் ஃபியூச்சரின் இந்திய இணையதளத்தையே முடக்கினார்கள். டில்லி போலீஸ் அனுப்பிய நோட்டீஸில் பயங்கரவாத வழக்குகளுக்குப் போடுகிற உபா (UAPA) சட்டம் இருந்தது, பிறகு தவறு என்று திரும்பப் பெற்றார்கள். லண்டனில் 2019 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தாங்களே விரும்பிக் கைதானார்கள். அங்கே அது ஒரு முறை. இங்கே பாஸ்போர்ட்டும் வெளிநாட்டு வேலையும் நம்பி இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வழக்கு என்றால் என்ன என்று கரையில் எல்லோருக்கும் தெரியும். கைதுக்குத் தயாரா என்று உங்களைக் கேட்கிற குழுவிடம், வக்கீல் யார், ஜாமீனுக்கு யார் வருவார் என்று திருப்பிக் கேளுங்கள். கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டுகிற தூண்டில் வளைவு வேண்டும் என்று மனு கொடுப்பதும் இந்த இயக்கத்தின் வேலைதான், எல்லோரும் ரோட்டில் உட்கார வேண்டும் என்றில்லை.

குமுளியிலிருந்து:

எங்கள் பக்கம் அப்படி ஒரு குழுவும் இல்லையே, என்ன செய்வது? ஏலத்தோட்டத்தில் வேலை, சென்னைக்கும் போக முடியாது, திருவனந்தபுரத்துக்கும் போக முடியாது.

ஆரம்பாக்கத்திலிருந்து:

குமுளி அண்ணா, எங்கள் ஊரிலும் இருக்கவில்லை. சென்னைக்கு மாதா மாதம் போய்வர என் ஷிப்ட் இடம் கொடுக்கவில்லை, அதனால் இங்கேயே தொடங்கினேன். முதலில் இரண்டே பேர், நானும் என்னோடு கம்பெனி பஸ்ஸில் வருகிற ஒரு தோழியும். பஸ்ஸில்தான் பேசினோம். பெயர் வைக்கவில்லை. கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால் முப்பது நாள் முன்னால் அறிவிக்க வேண்டும், திட்டச் சுருக்கம் உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும், வந்த யாரும் பேசலாம், வர முடியாதவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் இருப்பதை ஒரே தாளில் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி ஜெராக்ஸ் எடுத்தோம். அதைத் தெருவில் கொடுக்கப் போனபோது மூன்றாவது ஆள் கிடைத்தார், மீன் ஏற்றுகிற ஆட்டோ ஓட்டுகிற அண்ணன். அவர் மூலமாக ஆறாவது ஆள் வரை வந்தார்கள். ஏழாவது அந்த ஆயாவின் பேத்தி, பத்தாவது படிக்கிறாள், கூட்டத்தில் யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று நோட்டில் குறித்து வைப்பது அவள் வேலை, அவளே கேட்டு வாங்கிக்கொண்டது.

கொழிஞ்சாம்பாறைத் தம்பி சொன்ன பின்வரிசை விஷயத்தை இந்த ஞாயிறு எங்கள் குழுவில் வாசித்துக் காட்டப் போகிறேன். நீரோடி அண்ணன் கேட்கச் சொன்ன வக்கீல் கேள்விக்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை, அதையும் பேச வேண்டும். குமுளி அண்ணா, உங்கள் தோட்டத்தில் மழை மாறியது பற்றி யாரோடு அதிகம் பேசுகிறீர்கள்? அவரிடமிருந்து ஆரம்பியுங்கள். கொடுக்கத் தாள் ஏதாவது வேண்டும் என்றால் எங்களுடையதை அனுப்புகிறேன், தெலுங்குப் பக்கத்தை எடுத்துவிட்டு மலையாளம் சேர்க்க உங்கள் ஊரில் யாராவது கட்டாயம் இருப்பார்கள்.