பள்ளத்தூர் வீட்டுக் குழு: ஹெம்ப் விதை முழுசா, உரித்ததா?

சின்னாத்தா, காலை 7:12
வள்ளி, பார்சல் வந்து சேர்ந்தது. உள்ளே ரெண்டு பொட்டலம். ஒன்றில் சாம்பல் நிற முழு விதை, மற்றதில் வெள்ளைப் பருப்பு. அப்பத்தா முழு விதையை ஒரு சிட்டிகை வாயில் போட்டார்கள். ஓடு பல்செட்டுக்குள் போய்ச் சிக்கி, அரை மணி நேரம் கொப்பளித்தும் போகவில்லை.

வள்ளி, 7:15
ஐயோ சின்னாத்தா! அப்பத்தாவுக்கு வெள்ளைப் பருப்புதான். முழு விதை உங்களுக்கு, பொடி இடிக்க. எது யாருக்கு என்று எழுதி வைக்காமல் விட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

கண்ணன், 7:21
இது கஞ்சாச் செடி விதைதானே? வீட்டில் வைத்தால் பிரச்சினை வராதா?

மீனா ஆச்சி, 7:34
செடி அதுதான், கண்ணா. ஆனால் போதை பூவிலும் இலையிலும் பிசினிலும்தான் இருக்கிறது, விதைக்குள் கிடையாது. 1985 போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது பூவும் காயும் உள்ள நுனியை. நுனி சேராத விதை அதில் வராது. 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே ஹெம்ப் விதையை உணவாக ஏற்று விதி போட்டது: ஒரு கிலோ விதையில் போதை தரும் பொருளான டிஎச்சி 5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் பொட்டலத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். ஆனால் முழு விதையைத் தோட்டத்தில் தூவிவிடாதீர்கள். முளைத்தால் அது வேறு வழக்கு.

சின்னாத்தா, 7:40
சரி ஆத்தா. பக்கத்து வீட்டில் சொன்னார்கள், ஹெம்ப் என்றால் சணலாம், சணல் விதை உரக்கடையில் மலிவாகக் கிடைக்குமாம். அடுத்த தடவை அங்கேயே வாங்கிக்கொள்ளவா?

சோலை அண்ணன், 7:41
வேண்டவே வேண்டாம் சின்னாத்தா!! உரக்கடையில் இருப்பது சணப்பு. நெல்லுக்கு முன்னால் வயலில் விதைத்து, பூக்கிற பருவத்தில் மடக்கி உழுகிற பசுந்தாள் உரம். நானே வருஷா வருஷம் விதைக்கிறேன். அந்த விதையில் ஈரலைக் கெடுக்கிற நஞ்சு உண்டு. சாக்குச் சணலின் விதையும் நஞ்சுதான். பேர்தான் ஒன்றுபோல் இருக்கிறதே தவிர மூன்றும் வேறு வேறு செடி. தயவுசெய்து பக்கத்து வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.

சின்னாத்தா, 7:44
நல்ல வேளை கேட்டேன். இப்போதே போய்ச் சொல்கிறேன்.

அத்தான், 8:02
நைனிதாலில் வேலை பார்த்தபோது இதைத் தினமும் சாப்பிட்டிருக்கிறேன். அங்கே முழு விதைதான். வறுத்து, மிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாற்றோடு அம்மியில் அரைத்துச் சட்னி. குழம்புக்கு என்றால் தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் வடிகட்டி, அந்தப் பாலை ஊற்றுவார்கள். நம் வீட்டில் தேங்காய்ப்பால் மாதிரி.

மீனா ஆச்சி, 8:20
அத்தான் சொன்னதும் நேற்று இடித்தது நினைவுக்கு வந்தது. விதை கொத்தமல்லியைவிடச் சின்னது, மேலே வலை பின்னினாற்போல் கோடு. இரும்புச் சட்டியில் சிறு தீயில் போட்டேன். இரண்டு நிமிஷத்தில் ஒவ்வொன்றாகப் படபடவென்று வெடித்தது. வாசம் எள்ளுக்கும் நிலக்கடலைக்கும் நடுவில். வெடிப்பு அடங்கியதும் இறக்கிவிட வேண்டும், எண்ணெய் கருகினால் கசக்கும். அப்புறம் வரமிளகாய், பூண்டு, கல் உப்பு சேர்த்து உரலில் இடித்தேன். ஓடு நறநறவென்று இருந்தது. முதலில் சல்லடையில் சலித்தேன், பிறகு மனசு கேட்கவில்லை. நார்ச்சத்து முக்கால்வாசி அந்த ஓட்டில்தான். அதைத் தூக்கிப் போட்டால் முழு விதை வாங்குவது எதற்கு? மறுபடி கொட்டி இன்னும் நைசாக இடித்தேன். இட்லிக்கு நல்லெண்ணெயோடு குழைத்தால் எள்ளுப்பொடியைவிட எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

வள்ளி, 8:26
அப்போ அப்பத்தாவுக்கு நார் கிடைக்காதே ஆச்சி?

மீனா ஆச்சி, 8:31
உரித்த பருப்பில் நார் குறைவுதான். 30 கிராமில் ஏறக்குறைய 1 கிராம். ஆனால் அதே 30 கிராமில் 9 கிராமுக்கு மேல் புரதம். அப்பத்தா கறி மீனை விட்டு வருஷமாகிறது, அவர்களுக்கு முதலில் தேவை அதுதான். நாருக்குக் கீரையும் கவுனி அரிசிக் கஞ்சியும் இருக்கின்றன. கஞ்சியை இறக்கிய பிறகு மேலே இரண்டு கரண்டி தூவுங்கள், சேர்த்துக் கொதிக்க வைக்க வேண்டாம். முதல் நாள் ஒரு கரண்டியே போதும். பாதி எடை எண்ணெய், வயிறு பழக வேண்டும்.

சின்னாத்தா, 8:35
டப்பாவில் போட்டு அடுப்படி அலமாரியில் வைக்கட்டுமா?

மீனா ஆச்சி, 8:37
இந்த வெயிலுக்கு ஆகாது. ஓடு இல்லாததால் சீக்கிரம் காறிப்போகும். பாட்டிலில் இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். முழு விதை அலமாரியில் இருக்கலாம், ஓடே அதற்குக் காவல்.

சின்னாத்தா, 11:05
அப்பத்தா கஞ்சி முழுதும் குடித்தார்கள். "நெஞ்சில் ஒட்டாமல் இறங்குது, முந்திரிப் பொடியா?" என்று கேட்டார்கள்.

வள்ளி, 11:06
இந்த மாதம் உரித்தது இரண்டு பொட்டலம், முழுசு ஒன்று அனுப்புகிறேன். மீனா ஆச்சி, உங்கள் பொடியில் கொஞ்சம் எனக்கும் எடுத்து வையுங்கள்.