கரைநீங்கல்: நீரோட்டம் கரையை விடுவதற்கு ஒரு சொல்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கரையை ஒட்டி ஓடும் கடல் நீரோட்டம் ஓரிடத்தில் கரையை விட்டு ஆழ்கடலுக்குள் செல்லும் நிகழ்வுக்கு 'நீரோட்டப் பிரிவு', 'கரைவிலகல்', 'கரைத்தள்ளல்' ஆகிய சொற்கள் இவ்விழையில் முன்வைக்கப்பட்டுள்ளன. நான் 'கரைநீங்கல்' என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாக ஓடும் வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டத்தைப் பார்ப்போம். புளோரிடா நீரிணையிலிருந்து கண்டத்திட்டின் (கரையை அடுத்த ஆழம் குறைந்த கடலடித் தளத்தின்) விளிம்பைப் பற்றிக்கொண்டு வடக்கே வரும் அது, வட கரோலினாவின் ஹட்டராஸ் முனையருகே, ஏறத்தாழ 35 பாகை வட அட்சத்தில், விளிம்பை விட்டுவிட்டு வடகிழக்காக ஆழ்கடலுக்குள் செல்கிறது. செயற்கைக்கோள் எடுக்கும் வெப்பப் படங்களில், முனை வரை கரையோரமாக வரும் வெதுநீர்ப் பட்டை அதற்கப்பால் தனித்து ஓடுவதையும், பட்டைக்கும் கரைக்கும் நடுவே குளிர்ந்த நீர் புகுந்திருப்பதையும் தெளிவாகக் காணலாம். ஓட்டம் அங்கே இரண்டாகக் கிளைப்பதில்லை. முழுவதுமாகவே கரையை விடுகிறது. 'பிரிவு' என்றால் கிளைத்தல் என்றே மாணவர் கொள்வர். 'விலகல்' என்பதோ ஒளிவிலகலில் நிலைத்துவிட்ட சொல். மேலும், 'விலகல்' என்றால் ஓட்டம் திசைமாறுவதாகத் தோன்றும்; ஆனால் ஹட்டராஸில் வடக்கு நோக்கி மடங்குவது கரைதான், நீரோட்டம் பெரிதும் வந்த திசையிலேயே தொடர்கிறது.

'கரைத்தள்ளல்' என்பதை நான் உறுதியாக மறுக்கிறேன், ஏனெனில் ஏதோ ஒன்று ஓட்டத்தைத் தள்ளுகிறது என, இன்னும் முடிவாகாத காரணம் ஒன்றை அது பெயருக்குள் வைத்துவிடுகிறது. காற்று கடற்பரப்பில் உண்டாக்கும் முறுக்கம் (நீரைச் சுழற்றும் விளைவு) பூச்சியமாகும் அட்சத்தில் ஓட்டம் கரையை விடும் என்பது 1950இல் கடலியலாளர் வால்டர் மங்க் வெளியிட்ட கோட்பாட்டிலிருந்து பெறப்படும் கருத்து. ஆனால் அட்லாண்டிக்கில் அந்த அட்சக்கோடு ஹட்டராஸுக்கு வடக்கே அமைகிறது. கரையின் வளைவைத் தொடரவிடாத உந்தம், கடலடிச் சரிவின் வடிவம், அதே முனையருகே இந்த ஓட்டத்தின் அடியில் தெற்கு நோக்கிக் கடந்து செல்லும் குளிர்ந்த ஆழ்நீரோட்டம் என வேறு காரணங்களும் கூறப்படுகின்றன. கடலைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கும் கணினி மாதிரிகளில் கட்டத்தின் அளவு பாகையில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும் வரை ஓட்டம் ஹட்டராஸைத் தாண்டி வடக்கே கரையை ஒட்டியே சென்றுகொண்டிருந்தது. சுருங்கிய பின்னரும் உராய்வைக் குறிக்கும் எண்களைச் சற்று மாற்றினால் இடம் பிசகுகிறது. இந்நிலையில் பெயர் நிகழ்வை மட்டும் சொல்வதே முறை.

1904இல் இயற்பியலாளர் பிரான்டில் விளக்கிய எல்லைப் படலத்தின் (திடப்பரப்பை ஒட்டி ஓடும் நீர் அல்லது காற்றின் மெல்லிய படலத்தின்) பிரிதலுக்கும் இச்சொல் ஒத்துவரும்: அது 'படலநீங்கல்', இது 'கரைநீங்கல்'. கிளைச்சொற்களும் எளிதாகப் பிறக்கும். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரச் சோமாலி நீரோட்டத்தின் 'நீங்குமிடம்' தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கே நகர்கிறது என எழுதலாம். ஆப்பிரிக்காவின் தென்முனைக்கு அப்பால் அகுல்லாஸ் நீரோட்டம் வந்த பக்கமே கிழக்காகத் திரும்பிவிடுவதால், அதற்குப் 'பின்மடிதல்' என்று தனிச்சொல் வைப்பதே நல்லது. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கக் கூடாது.

பாய்ம இயக்கவியல் பயிற்றுவிப்போர் 'படலநீங்கல்' பற்றித் தம் கருத்தை எழுதினால், இரு சொற்களையும் சேர்த்தே கலைச்சொற் பட்டியலில் ஏற்றலாம்.