அரசியல் அறிவியல் படிக்க சென்னையா, டெல்லியா?

விருதுநகர்க்காரன்:
தங்கை பிளஸ் டூ முடித்திருக்கிறாள், தமிழ் மீடியம், அரசுப் பள்ளி. பி.காம். சேர்த்துவிடலாம் என்று அப்பா இருக்க, இவள் பி.ஏ. அரசியல் அறிவியல்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். தேர்தல் முடிவு வரும் நாளில் நோட்டில் தொகுதிவாரியாக ஓட்டு எழுதிக்கொண்டு டிவி முன்னால் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் ரகம். க்யூட் (மத்தியப் பல்கலைகளுக்கான பொது நுழைவுத் தேர்வு) எழுதியிருக்கிறாள், மார்க் இன்னும் வரவில்லை. அவளுடைய டீச்சர் சென்னை மாநிலக் கல்லூரி என்கிறார், மாமா டெல்லி என்கிறார். எதை வைத்து முடிவெடுப்பது?

தாம்பரம் பழசு:
நான் தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரியில் இதே பாடம் படித்தவன், அதனால் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும். அங்கே இந்தப் படிப்பு எய்டடா (அரசு உதவி பெறுவது), செல்ஃப் ஃபைனான்ஸா (சுயநிதி) என்று முதலில் கேளுங்கள், ஃபீஸ் ரொம்ப மாறும். மாநிலக் கல்லூரி 1840-இல் தொடங்கியது, அரசுக் கல்லூரி, செலவு குறைவு. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும்.

முகர்ஜி நகர் டீ:
டெல்லிப் பல்கலையில் 2022 முதல் இளங்கலைச் சேர்க்கை க்யூட் மார்க்கில்தான். இந்து, ராம்ஜஸ், லேடி ஸ்ரீராம் எதுவானாலும் சிலபஸ் ஒன்றுதான், கேள்வித்தாளும் ஒன்றுதான், ஆகவே பேரை விட ஹாஸ்டலைப் பாருங்கள் தம்பி, சீட் கிடைத்த எல்லாருக்கும் ஹாஸ்டல் கிடைப்பதில்லை, வெளியே பிஜி, அதாவது பேயிங் கெஸ்ட் அறை, வாடகை கையைக் கடிக்கும். நானும் தமிழ் மீடியம்தான். முதல் செமஸ்டரில் பத்துப் பக்கம் வாசிக்க ஒரு ராத்திரி போகும், ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதி எழுதியே வாசித்தேன். சுதந்திரம், சமத்துவம், நீதி எல்லாம் நமக்குத் தெரிந்த சொற்கள்தானே, ஆங்கிலத்தில் வரும்போதுதான் பயமுறுத்துகின்றன. தீபாவளிக்குள் பழகிவிட்டது.

சாக்பீஸ்:
இந்தப் பாடம் நடத்துகிறவன் சொல்கிறேன். துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்களை (தற்காலிக ஆசிரியர்களை) வைத்தே ஓடுகிறதா என்று கேளுங்கள். அப்புறம் கேன்டீனில் மூன்றாம் வருடப் பிள்ளை யாரையாவது பிடித்து இன்டர்னல் கேள்வித்தாளை வாங்கிப் பாருங்கள். '356-ஆவது பிரிவை விளக்குக' என்று மட்டும் (மாநில ஆட்சியைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவர வழிசெய்யும் அரசியல் சட்டப் பிரிவு அது) கேட்கிறார்களா, இல்லை 1976-லும் 1991-லும் இங்கே திமுக ஆட்சி கலைக்கப்பட்டதையும் அப்படிக் கலைப்பதற்கு உச்ச நீதிமன்றம் வரம்பு வைத்த 1994 எஸ்.ஆர். பொம்மை வழக்குத் தீர்ப்பையும் சேர்த்து யோசிக்க வைக்கிறார்களா? அதிலேயே தெரிந்துவிடும்.

ஐஏஎஸ்ஸுக்காக என்று மட்டும் சேர்க்காதீர்கள். அந்தத் தேர்வின் இரண்டாம் கட்டமான மெயின்ஸில் இது விருப்பப் பாடம், தலா 250 மார்க்கில் இரண்டு தாள், சரி, ஆனால் எந்த டிகிரி படித்தவரும் அதை எடுக்கலாம். எம்.ஏ.வுக்கு டெல்லி ஜேஎன்யூ, ஹைதராபாத், புதுச்சேரி என்று மத்தியப் பல்கலைகள் இருக்கின்றன, டெல்லி ஆசை இருந்தால் அப்போது போகலாம்.

முகர்ஜி நகர் டீ:
பதினெட்டு வயதில் ஊரை விட்டுப் போவதும் ஒரு படிப்புதான் சார். மார்க் வரட்டும், அவளையே கேளுங்கள்.

விருதுநகர்க்காரன்:
எல்லாருக்கும் நன்றி. சென்னை விண்ணப்பங்களைப் போட்டுவிட்டோம், மார்க் வந்ததும் டெல்லியைப் பார்க்கலாம். சாக்பீஸ் சார் எழுதியதை அவளிடம் காட்டினேன். 1980-இல் எம்ஜிஆர் ஆட்சியையும் 1988-இல் ஜானகி ஆட்சியையும் ஏன் விட்டுவிட்டார் என்று கேட்கச் சொன்னாள்.