கேப்டனோடு பழகியவர்கள் எழுதுங்கள்

விமானம் ஓட்டிய எங்கள் கேப்டன் போய் ஒரு மாதம் ஆகிறது. 88 வயது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். சாப்பாட்டுப் பந்தியில் கேட்டதெல்லாம் கை கழுவுவதற்குள் பாதி மறந்துவிட்டது. எழுதி வைத்தால் தேவலை என்று அவருடைய மகள் சொன்னார். அப்பாவின் பெயரைப் போட வேண்டாம் என்பதும் அவர் சொன்னதுதான். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நானே தொடங்கிவைக்கிறேன். நங்கநல்லூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவர் வீடு. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தலைக்கு மேல் போனால் நாங்கள் பேச்சை நிறுத்திக்கொள்வோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு அது என்ன விமானம் என்று சொல்வார். டகோட்டாவில் தொடங்கி, ஆவ்ரோ, போயிங் 737 என்று ஓட்டி, ஏர்பஸ்ஸில் ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகுதான் ஆட்டமே. புல்லட்டில் தனுஷ்கோடி, காட்டில் நடை, மலையேற்றம் என்று ஊரில் இருக்கவே மாட்டார். தெருவில் அவருக்கு 'துணிச்சல்காரர்' என்று பெயர். அவரோடு ஒருமுறையாவது வெளியே போனவர்கள் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள்.

2005இல் வெள்ளியங்கிரிக்குப் போனோம். அவருக்கு 69, எனக்கு 47. பூண்டி அடிவாரத்தில் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு விடிகாலை நான்கு மணிக்கு ஏறத் தொடங்கினோம். முதல் படியில் கால் வைக்கும்முன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பன்னிரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புகிறோம்" என்றார். சரி, பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஏழு மலை. முதல் மலையிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. அடிக்கொருதரம் உட்கார்ந்தேன். தாமதத்துக்கு நான்தான் காரணம், அதை மறைக்கவில்லை. ஆண்டி சுனைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம். ஐஸ் போன்ற தண்ணீரில் குளித்துவிட்டு, துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு ஏழாவது மலையைப் பார்த்தேன். மேலே பனி இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பினால் அவர் தடியைக் கீழ்நோக்கி ஊன்றி நிற்கிறார்.

"கேப்டன், இன்னும் ஒரே மலை."

"மணி பன்னிரண்டு."

எங்களைத் தாண்டி, எழுபது வயது இருக்கும் ஒரு பாட்டனார், வெறுங்காலோடு, "சிவ சிவ" என்று சொல்லிக்கொண்டே மேலே போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மூன்றாவது மலை வரை அவரோடு பேசவில்லை. அவரும் பேசவில்லை; அடிக்கடி நின்று என் முட்டியை மட்டும் பார்த்தார். அடிவாரத்துக்கு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது, என் டார்ச் விளக்கு செத்திருந்தது. அதனால் அவர் செய்தது சரி என்று நான் ஒப்புக்கொண்டதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சாமியைப் பார்க்காமல் திரும்பிய கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மற்றவர்கள் எழுதலாம்.

*

பல்லாவரத்தில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். சாருடைய புல்லட்டை இருபது வருடம் நான்தான் பார்த்தேன்.

முதல்முறை வண்டியைக் கொண்டுவந்தபோது கிளட்ச் கேபிளுக்குப் பக்கத்தில் இன்னொரு புதிய கேபிள் ஓடுவதைப் பார்த்தேன். இரண்டு முனையும் எதிலும் மாட்டவில்லை. ஹேண்டிலிலிருந்து கீழே வரை பழைய கேபிளோடு சேர்த்துக் கறுப்பு டேப்பால் அங்கங்கே கட்டியிருந்தது. யாரோ தெரியாதவன் செய்த வேலை என்று நினைத்து அவிழ்க்கப் போனேன். சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அறுந்தால் பெட்ரோல் டாங்கைக் கழற்றிப் புதியது கோக்க ஒரு மணி நேரம் ஆகும். இது ஏற்கெனவே கோத்திருக்கிறது. முனையை மாற்றி மாட்டினால் ஐந்து நிமிடம்" என்றார். இருபது வருடத்தில் ஒரே ஒருமுறைதான் அது பயன்பட்டது. அதுவும் பரமக்குடி தாண்டி, ராத்திரியில். அங்கிருந்தே எனக்கு போன் செய்து "நான்கு நிமிடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இப்போது லடாக் போகிறோம் என்று வரும் பையன்களுக்கெல்லாம் நான் இப்படித்தான் கட்டிக் கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை.

*

என் அப்பா அந்தக் காலத்து டகோட்டாவில் ரேடியோ அதிகாரி. கேப்டன் மாமாவோடு இரவுத் தபால் விமானத்தில் பல வருடம் போனவர். அப்பா இல்லை, அதனால் எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன்.

இரவுத் தபால் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1949 ஜனவரியில் தொடங்கிய ஏற்பாடு. சென்னை, பம்பாய், கல்கத்தா, டில்லி நான்கு ஊரிலிருந்தும் ராத்திரி ஒவ்வொரு விமானம் கிளம்பும். நான்கும் நடுநிசி வாக்கில் நாகபுரியில் வந்து நிற்கும். தபால் மூட்டைகளை மாற்றி ஏற்றுவார்கள். பிறகு அவரவர் ஊருக்கே திரும்பி, விடியும்போது இறங்குவார்கள். சாயங்காலம் சென்னையில் பெட்டியில் போட்ட கடிதம் மறுநாள் டில்லியில் கிடைத்துவிடும். கொஞ்சம் பயணிகளும் ஏறுவார்கள். டகோட்டாவுக்கு வால் சக்கரம். தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்த்திருக்கும். பின்பக்கம் ஏறி இருக்கைக்குப் போவதே மேட்டில் நடப்பது போலிருக்கும் என்று அப்பா சொல்வார்.

நாகபுரியில் நான்கு ஊர்க்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கமலா ஆரஞ்சுக் காலத்தில் அப்பா கூடையோடுதான் வீட்டுக்கு வருவார். அந்த வாசனையில்தான் எனக்கு விழிப்பு வரும். மாமாவின் வீட்டுக்குப் பாதிக் கூடை போகும்.

ஒரு ராத்திரி, மழைக்காலம், நாகபுரியிலிருந்து திரும்பும்போது இடப்பக்க இயந்திரம் எண்ணெய் கக்கத் தொடங்கிவிட்டது. மாமா அதை நிறுத்தி, விசிறியின் அலகுகள் காற்றைத் தடுக்காதபடி ஒருக்களித்துத் திருப்பிவைத்தார். டகோட்டா ஒற்றை இயந்திரத்திலும் பறக்கும், ஆனால் உயரம் பிடிக்காது. முன்னால் ஹைதராபாத்துக்குப் போயிருக்கலாம், தூரமும் ஒன்றும் பெரிதில்லை. மாமா வந்த வழியே திரும்பிவிட்டார். அப்பா ஏன் என்று கேட்டதற்கு, "முன்னால் என்ன மழை என்று எனக்குத் தெரியாது. பின்னால் என்ன மழை என்று இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன்" என்றாராம். அன்றைக்கு மற்ற மூன்று ஊர்த் தபாலும் சென்னைக்கு ஒருநாள் தாமதம். அதற்காக மேலிடத்தில் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள் என்று அப்பா சொல்வார்.

இதற்குப் பின்னால் ஒன்று இருக்கிறது. 1953 டிசம்பரில், நாகபுரியிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இரவுத் தபால் டகோட்டா ஏறியவுடனே விழுந்து 13 பேர் இறந்தார்கள். மாமா அப்போது கல்லூரிப் பையன். வேலைக்குச் சேர்ந்த பிறகு நாகபுரியில் எத்தனை முறை இறங்கியிருப்பாரோ, ஒருமுறைகூட அதைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார். நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

*

வணக்கம். நான் ராணுவத்தில் இருந்தவன். கேப்டனை எனக்குப் பழக்கம் என்று சொல்ல முடியாது, மூன்று நாள் திட்டியிருக்கிறேன்.

லே விமான நிலையம் 10,600 அடிக்கு மேல். சுற்றிலும் மலை. அப்போதெல்லாம் காலையில்தான் விமானம் இறங்கும். வெயில் ஏறினால் பள்ளத்தாக்கில் காற்று புரட்டும், ஏற்கெனவே மெலிந்த காற்று சூட்டில் இன்னும் மெலிந்துவிடும். விடுப்பு முடிந்து நான் திரும்பிக்கொண்டிருந்தேன். முதல் நாள் மேலே போய் வட்டமிட்டு, மேகம் என்று டில்லிக்குத் திரும்பினோம். இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் மலைகள் கண்ணுக்குத் தெரிந்தன, எனக்கே தெரிந்தன. அப்படியும் இரண்டு சுற்று சுற்றிய பிறகுதான் இறங்கினார். மூன்று நாளும் அவரே ஓட்டியதால் குரல் மனப்பாடம் ஆகிவிட்டது. இறங்கும்போது வாசலில் நின்றவரிடம் நான் தமிழில் முணுமுணுத்தேன். அவர் சுத்தமான தமிழில், "தம்பி, எந்த ஊர்?" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. விருதுநகர் என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கிப் போனேன்.

*

எல்லோரும் அவர் ரொம்ப நிதானம் என்று எழுதுகிறீர்கள். நான் கோவளம் மீனவர் குப்பம். நீங்கள் சொல்கிற ஆளா என்றே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. வெள்ளைத் தலை, இடது புருவத்தில் தழும்பு, புல்லட்டில் வருவார் என்றால் அவர்தான்.

பத்துப் பதினைந்து வருடம் இருக்கும். விடியற்காலையில் கரையில் வந்து நின்றார். கட்டுமரத்தில் ஒருமுறை வர வேண்டும், காசு தருகிறேன் என்றார். காசு வேண்டாம் ஐயா, வயசாகிவிட்டது, வேண்டாம் என்றேன். சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிப் படகு நிழலில் வைத்துவிட்டார். என் அண்ணனும் நானும் ஏற்றிக்கொண்டோம். முதல் அலையில் மரம் செங்குத்தாக நிமிர்ந்தது. பெரிய ஆட்களே கத்துவார்கள். இவர் ஒன்றும் சொல்லவில்லை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அலையை மட்டும் பார்த்தார். அலை தாண்டியதும் காற்று எங்கிருந்து வருகிறது, எத்தனை மணிக்குத் திசை மாறும் என்று கேள்வி மேல் கேள்வி. வாடைக்காற்று, கொண்டல் என்று நாங்கள் சொன்ன பெயரையெல்லாம் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். மூன்று மணி நேரம் கடலில் இருந்தோம். பாதுகாப்பு உடுப்பு ஒன்றும் கிடையாது, மிதவையும் கிடையாது.

கரைக்கு வந்து வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தபோது, "ஐயா, நன்றாக நீந்துவீர்களா?" என்று அண்ணன் கேட்டார்.

"தெரியாது" என்றார்.

அண்ணனுக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. மரத்தில் ஏற்றும்முன் நாங்கள்தான் கேட்டிருக்க வேண்டும், அது எங்கள் தப்பு என்று பிற்பாடு சொன்னார். ஆனால் அன்றைக்கு ஐயாவைப் பார்த்து, படிச்ச ஆள் இப்படிச் செய்யலாமா என்று கரையே கேட்கும்படி சத்தம் போட்டார். ஐயா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அப்புறம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்.

*

மறுபடியும் நங்கநல்லூரிலிருந்து நான்.

கோவளத்துக்காரர் எழுதியதைப் படித்துவிட்டு நேரே கேப்டனின் மகள் வீட்டுக்குப் போனேன், எங்களுக்கு அவர் அக்கா. அடையாளம் சரிதான், புருவத் தழும்பு சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்தது. அப்பாவுக்கு நீச்சல் தெரியாது என்பது அக்காவுக்கும் தெரியாதாம். அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், அவர்களும் இல்லை.

விமானிகள் பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் பதிவேடு உண்டல்லவா, ஓய்வுக்குப் பிறகும் கேப்டன் அதை விடவில்லை. பைக்கில் போனது, மலையேறியது எல்லாம் அதே கட்டங்களில், கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், குறிப்பு என்று எழுதியிருக்கிறார். அக்கா பீரோவிலிருந்து எடுத்து வந்தார். வெள்ளியங்கிரியைத் தேடினேன். 'புறப்பாடு 4.00. ஆண்டி சுனை 11.50. திரும்பல் 12.00. துணைக்கு வந்தவர் முட்டி வலி, கோபம்' என்று இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

கோவளத்துக்கு அக்கா பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசியில் கிடைத்தது. புறப்பாடு, சேர்ந்த நேரம் இரண்டு கட்டமும் காலி. குறிப்பில், 'கோவளம். வஞ்சிரம் குழம்பு. மிக நன்று.'