ஏர்லி ஆக்சஸ் விண்கப்பல் கேம்: எந்த ரிவ்யூவை நம்புவது?

ஏர்லி ஆக்சஸில், அதாவது முழுதாக முடியும் முன்பே விற்கப்படும் ஒரு விண்கப்பல் கட்டும் கேமை வாங்கலாமா என்று பார்க்கிறேன். ஸ்டீம் கேம் கடையில் மொத்த ரிவ்யூ ‘வெரி பாசிட்டிவ்’, கடைசி 30 நாள் மட்டும் ‘மிக்ஸ்ட்’, அதாவது 40-69 சதவீதம் பேர்தான் பாசிட்டிவ். திட்டுபவர்கள் புதியவர்கள் இல்லை, நிறைய மணி நேரம் ஆடியவர்கள்தான். அப்டேட்டுக்குப் பிறகு பழைய ப்ளூபிரிண்ட் (சேமித்து வைத்த கப்பல் வடிவமைப்பு) திறப்பதில்லையாம். த்ரஸ்டர் (கப்பலை உந்தும் எஞ்சின்) விசையைக் குறைத்ததால், காலியாக நன்றாக இறங்கும் கப்பல் சரக்கு ஏற்றியதும் பிரேக் பிடிக்காமல் தரையில் மோதுகிறதாம்.

இரண்டாவது பேலன்ஸ் மாற்றம்தான், கீழ்நோக்கி உமிழ்ந்து கப்பலை மேலே தள்ளும் த்ரஸ்டர்களைக் கூட்டினால் சரியாகும். முதலாவதுதான் பயம்.

ரீஃபண்டுக்கு 14 நாள், 2 மணி நேர ஆட்டம்தான் வரம்பு. டுட்டோரியலுக்கே அந்த 2 மணி நேரம் போய்விடும் (பெரிய கப்பலில் ஃப்ரேம் விழுந்து காட்சி திணறுவது எப்போது தெரிய?). ஆடுபவர்கள் சொல்லுங்கள்: அப்டேட்டுக்கு முந்தைய சேவ் திறக்கிறதா? கப்பல் ஆயிரம் பிளாக் தாண்டினால் எத்தனை எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்)? பழைய வெர்ஷனுக்குத் திரும்ப ஸ்டீமின் பீட்டா டேபில் வழி இருக்கிறதா?